கையளவுக்கு ஒரு ராடு: வாசகர் கேள்விகள், அண்ணாச்சி பதில்கள்

திருநெல்வேலியில் லேத் பட்டறை நடத்தி ஓய்வுபெற்றவர் நம் அண்ணாச்சி. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் விராலுக்கும், ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் கொடுவாவுக்கும் தூண்டில் போடுபவர். தன் ராடுகளை, அதாவது தூண்டில் கோல்களை, தானே கட்டிக்கொள்வது அவருடைய பொழுதுபோக்கு. அதைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றில் சில இங்கே.

கடையிலேயே நல்ல ராடு கிடைக்கிறதே, நாமே கட்டினால் காசு மிச்சமா அண்ணாச்சி?
வாசகர், மதுரை

மிச்சமாகாது தம்பி. கம்பெனிக்காரர்கள் கைடு (நரம்பு, அதாவது தூண்டில் இழை, ஓடும் வளையம்), ரீல் சீட் (நரம்பு சுற்றும் ரீலைப் பொருத்தும் பாகம்), பிடி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்குகிறார்கள். நாம் ஒன்றிரண்டாக வாங்குகிறோம். நல்ல பிளாங்க், அதாவது ஒன்றும் பொருத்தாத வெறும் கோல், பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. நீளப் பார்சல் என்பதால் அனுப்பும் கூலி அதிகம், அதற்கு மேல் சுங்க வரி வேறு. காசு மிச்சம் பிடிக்க நினைத்து இதில் இறங்காதீர்கள்.

நான் கட்டுவது அளவுக்காக. கடை ராடு யாருடைய கைக்கும் அளவெடுத்துச் செய்ததில்லை. நான் உயரம் குறைந்தவன். பின்பிடி நீண்டிருந்தால் லூரை, அதாவது செயற்கை இரையை, வீசும்போது விலாவில் இடிக்கும். என் முழங்கைக்கு நாலு விரற்கடை தாண்டிப் பிடி முடிந்துவிட வேண்டும். அடுத்து, மீனும் தண்ணீரும். விராலுக்கு அல்லி இலைகளுக்கு நடுவே தவளை லூரைப் போட்டு இழுக்கிறோம். கவ்வியதும் கொடிக்குள் புக விடாமல் தூக்கியாக வேண்டும். அதற்கு அடிப்பாகம் முரடாக இருக்கணும். கொடுவா வேறு ரகம். தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அந்த உதறலுக்கு ராடு வளைந்து கொடுக்காவிட்டால் முள் கழன்றுவிடும். இரண்டுக்கும் ஒரே ராடு என்று விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையில் பிடி குறைந்துவிட்டது. விரால் பிடிப்பதில் ஒரு காலத்தில் கெட்டிக்காரர். இப்போது குளத்தங்கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கேற்ற ராடு கட்ட முடியுமா?
வாசகி, அம்பாசமுத்திரம்

முடியும் அம்மா. இந்தக் கைவேலையின் முழுப் பயனும் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எதையும் வாங்காதீர்கள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு துடைப்பக் குச்சியை ராடு மாதிரி இடது கையில் கொடுங்கள். கட்டைவிரல் எங்கே விழுகிறது, முழங்கை எங்கே வருகிறது என்று குச்சியில் பேனாவால் கோடு போடுங்கள். பின்பிடி முழங்கையையும் தாண்டி ஒரு சாண் போகட்டும். அந்த நீட்டம் முன்கையின் அடியில் படுத்திருக்கும். முழங்கைக்குச் சற்று முன்னால் அகலமான வெல்க்ரோ பட்டி ஒன்றைச் சுற்றினால், மீன் இழுக்கும் பாரம் மணிக்கட்டில் நிற்காமல் முன்கை முழுவதும் பரவும். பட்டியை அவரே மற்ற கையால் ஒரே இழுப்பில் பிரிக்க முடிய வேண்டும். தண்ணீர் ஓரத்தில் பிரிக்க முடியாத எதையும் கையில் கட்டக் கூடாது.

ரீலைச் சுற்றுவது வலது கை. ராடின் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல்களில் பெரும்பாலானவற்றில் கைப்பிடியை எந்தப் பக்கமும் மாற்றிப் போடலாம். ஆனால் அந்தச் சின்னக் குமிழை அப்பாவின் விரல்களால் பற்ற முடியாது. மரக்கடைசல்காரரிடம் சொல்லி உள்ளங்கை நிறையும் அளவுக்கு ஓர் உருண்டை கடைந்து மாட்டுங்கள். விரல் மடங்காவிட்டாலும் உள்ளங்கையால் தள்ளிச் சுற்றிவிடலாம். இடது கைப் பிடியையும் சற்றுப் பருமனாகவே வையுங்கள். மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்கத்தான் அதிக வலு தேவைப்படும். ஈவா ஃபோம் பிடியின் மேல் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றினால் வியர்வையிலும் வழுக்காது.

அடுத்தது எடை. ராடின் மொத்த எடையைவிட அந்த எடை எங்கே இருக்கிறது என்பதைத்தான் கை உணரும். அடியில் 10 கிராம் கூடினால் தெரியாது, நுனியில் கூடினால் கை ஓய்ந்துபோகும். நுனிப் பக்கம் ஒற்றைக்கால் கைடுகளாகச் சிறிய அளவில் வையுங்கள். கைடைக் கட்டும் நூல் சுற்று குட்டையாக இருக்கட்டும், அதன் மேல் பூச்சு மெல்லிசாக இருக்கட்டும். குளத்துக்கு 6 அடி போதும். கண்ணாடி இழை ராடு அடிபட்டாலும் தாங்கும், ஆனால் கனம். அப்பாவுக்குக் கார்பனே நல்லது, நடுத்தர வலுவில். ரீலை மாட்டியபின் ரீல் காலுக்கு முன்னால் ஒரு விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். நுனி சாய்ந்தால் பின்பிடியின் கடைசியில் ஓர் இரும்பு போல்ட்டைச் செருகிச் சமன் செய்யலாம்.

பசை போடுமுன் எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டிக் கொடுத்து, அப்பாவை ஒரு சாயங்காலம் வீசிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் காட்டுங்கள். எந்த அசைவு தோளுக்கு ஆகாது என்பது அவருக்குத்தான் தெரியும். கொடி மண்டிய இடத்தை விட்டு, திறந்த தண்ணீரில் தொடங்கட்டும். கூட ஓர் ஆள் எப்போதும் வேண்டும்.

ஸ்பைன் பார்க்காமல் கைடு கட்டினால் ராடு முறுக்கிக்கொள்ளும் என்கிறார்களே?
வாசகர், கோயம்புத்தூர்

பிசின் ஊறிய கார்பன் துணியை நுனி சிறுத்த எஃகுக் கம்பியின் மேல் சுருட்டி, சூளையில் சுட்டுத்தான் பிளாங்க் செய்கிறார்கள். துணி ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதைத்தான் ஸ்பைன் என்கிறோம். ஆனால் ராடு முறுக்குவதற்குப் பெரிய காரணம் கைடு மேலே இருப்பதா கீழே இருப்பதா என்பது. ஸ்பின்னிங் ராடில் கைடு கீழே தொங்குவதால் நரம்பின் இழுப்பு அதை அங்கேயே நிறுத்தும். பெய்ட்காஸ்டரில், அதாவது ரீல் மேலே உட்காரும் ராடில், கைடும் மேலே இருப்பதால், பாரம் ஏறும்போது ராடு புரண்டு கீழே வரப் பார்க்கும். ஸ்பைனை எங்கே வைத்தாலும் இது நடக்கும். அதனால் நான் பிளாங்க்கை மேசைமேல் உருட்டி, எந்தப் பக்கம் நேராகத் தெரிகிறதோ அந்தக் கோட்டில் கட்டுகிறேன்.

கைடுகளை எவ்வளவு தூரத்துக்கு ஒன்றாக வைப்பது? அட்டவணை இருக்கிறதா?
வாசகர், நாகர்கோவில்

அட்டவணை இருக்கிறது, தொடங்குவதற்கு உதவும். 7 அடி ராடு என்றால் நுனி வளையம் போக ஏழிலிருந்து ஒன்பது கைடு வரும். ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியது உங்கள் பிளாங்க்தான். சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கிச் சின்னச் சின்ன வளையங்களாக நறுக்கிக்கொள்ளுங்கள். கைடின் காலை அந்த ரப்பர் வளையத்தால் பிளாங்க்கில் மாட்டினால், விருப்பப்படி நகர்த்தலாம். அடிப்பாகம் பருமனாக இருக்கும், அங்கே டேப் போதும். பிறகு பிடியைச் சாய்வாக எங்காவது இறுக்கிக் கட்டி, நரம்பைக் கைடு வழியாக விட்டு நுனியிலிருந்து இழுத்து வளைக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். நரம்பு கைடுக்குக் கைடு பிளாங்க்கின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எங்கே கோணமாக மடங்குகிறதோ, எங்கே பிளாங்க்கை விட்டு விலகுகிறதோ, அந்த இடத்தில் கைடை நகர்த்துங்கள், இல்லை ஒன்று கூட்டுங்கள். நாலைந்து தடவை மாற்ற வேண்டிவரும். இந்த வேலையில் அவசரம் ஆகாது. பாரம் ஓரிடத்தில் குவிந்தால் ராடு அங்கேதான் ஒடியும்.

கட்டுமுன் கைடின் கால் நுனியை அரத்தால் மெல்லிசாகத் தேய்த்துவிடுங்கள். கடையிலிருந்து வரும்போது நுனி மொண்ணையாக இருக்கும், நூல் அதன்மேல் ஏறாமல் இடைவெளி விடும். தேய்த்தபின் அடிப்பக்கப் பிசிரையும் எடுத்துவிட வேண்டும். பிசிர் பிளாங்க்கைக் கீறினால் பின்னாளில் முறிவு அங்கேயிருந்து தொடங்கும். லேத்தில் நின்றவன் என்பதால் இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

நூல் விஷயத்தில், தையல்கடைப் பருத்தி நூல் வேண்டாம். அதில் ரோமம் இருக்கும், பூச்சுக்குள் அது முள்முள்ளாகத் தெரியும். ராடுக்கென்று வரும் நைலான் நூல் நல்லது. வெளியிலிருந்து கைடை நோக்கிச் சுற்றுங்கள். கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன் மடித்த நரம்பு ஒன்றை உள்ளே வைத்துச் சுற்றி, நூல் நுனியை அதன் வளையத்தில் கோத்து உள்ளே இழுத்துவிட்டால் முடிச்சே தேவையில்லை. இறுக்கம் ஓர் அளவோடு இருக்கட்டும். சுற்றி முடித்தபின்னும் விரலால் அழுத்திக் கைடைக் கொஞ்சம் நேராக்க முடியணும்.

நூலின் மேல் எபாக்ஸி பிசின் பூசி நான்கு நாள் ஆகிறது. இன்னும் பிசுபிசுக்கிறது. மழைக்காலம்தான் காரணமா?
வாசகர், கடலூர்

இரண்டு விதமான பிசுபிசுப்பு உண்டு. மேலே மட்டும் மெழுகு தடவியது போல இருந்தால் அது ஈரக்காற்றின் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரத்தில் இது சகஜம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். விரல் ரேகை பதியும் அளவுக்கு உள்ளும் இளகியிருந்தால் கலவை தப்பு. பிசின், அதை இறுக வைக்கும் மருந்து என்ற இரண்டு புட்டியிலிருந்தும் சமமாக எடுக்கவில்லை, அல்லது நன்றாகக் கலக்கவில்லை. சரியாகக் கலந்த இன்னொரு பூச்சை அதன் மேலேயே போடுங்கள். பெரும்பாலும் இறுகிவிடும். அப்படியும் இறுகாவிட்டால் நூலோடு வெட்டியெடுத்துவிட்டு மறுபடி சுற்றுவதுதான் வழி.

கண்ணால் பார்த்து ஊற்றாமல் இரண்டு புட்டிக்கும் தனித்தனி சிரிஞ்சு வையுங்கள். மருந்துக்கடை சிரிஞ்சின் ரப்பரில் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். அது கலந்தால் பூச்சில் மீன்கண் மாதிரி குழிகள் விழும். ரப்பர் இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு தனியாகக் கிடைக்கிறது. கலக்கியதைக் கிண்ணத்திலேயே வைத்திருக்காமல் அலுமினியத் தாளில் பரப்பினால் குமிழியும் போகும், நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகுவதும் குறையும். பூசியபின் ராடு படுத்தபடியே மெல்லச் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். இதற்குப் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டுச் சுழற்றும் மோட்டார் நன்றாக உதவும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் சுழலும். அவற்றில் பல நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுபவை, ஆகவே இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அடுப்பையும் அவரே பிரிக்கட்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கக்கூடியது.

எங்கள் தோட்டத்தில் கல்மூங்கில் இருக்கிறது. அதில் நல்ல தூண்டில் கம்பு செய்யலாமா?
வாசகர், தென்காசி

தாராளமாக. உள்ளே பொந்து அதிகம் இல்லாத மூங்கில் அது. லத்திக்குப் பயன்பட்டதும் அதனால்தான். மூன்று வருடத்துக்கு மேல் முற்றியதாகப் பார்த்து, மழைக்காலம் கழிந்தபின் வெட்டுங்கள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு துளைக்கிறது. சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் அந்தச் சத்து கரையும். கோணலைத் தணலில் காட்டி, சூடேறியதும் நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். மேல்தோலைச் சீவிவிடாதீர்கள். மூங்கிலின் வலுவான நார் முழுக்க வெளிப்பக்கம்தான் இருக்கிறது. சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் டாங்கின் மூங்கிலை முக்கோணப் பட்டையாகப் பிளந்து, ஆறு பட்டையை அறுகோணமாக ஒட்டிச் செய்யும் புகழ்பெற்ற ராடுகளிலும் அந்த வெளி நாரைத் தொடாமல் உள்பக்கத்தைத்தான் சீவுவார்கள்.

நரம்பை நுனியில் மட்டும் முடியாமல், கம்பின் ஓரமாகவே கொண்டுவந்து பிடிக்கு அருகிலும் ஒரு கட்டுப் போடுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் நரம்பில் இருக்கும். உங்கள் பட்டா நிலத்து மூங்கில் என்றால் வெட்டத் தயக்கம் வேண்டாம். 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, மரம் என்ற வரையறையிலிருந்தே மூங்கிலை எடுத்துவிட்டார்கள். காட்டுக்குள் இருப்பதைத் தொடக்கூடாது.

கார்பன் ராடில் மின்சாரம் பாயும் என்பது உண்மையா?
வாசகர், தஞ்சாவூர்

உண்மை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். வாய்க்கால் கரையில் மின்கம்பி போகாத இடம் நம் ஊரில் குறைவு. நீளமான ராடைக் கம்பிக்கு அடியில் தூக்கி வீசவே வேண்டாம், கழற்றித் தாழ்த்திக் கொண்டுபோங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மீன் மாட்டியிருந்தாலும் சரி, போகட்டும்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ராடு கட்ட ஆசை, கையில் பணம் இல்லை. எப்படித் தொடங்குவது?
மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

ஒடிந்த ராடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள் அம்மா. தூண்டில் போடுபவர்கள் வீட்டில் அது மூலையில் கிடக்கும். ஒடிந்தது நுனியில் ஓரிரண்டு அங்குலம்தான் என்றால் புது நுனி வளையம் மட்டும் போதும். ஒடிந்த இடத்தில் டேப் சுற்றி, பல் நெருக்கமான ஹாக்ஸா பிளேடால் மெதுவாக அறு. கார்பன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் போட்டு, அறுக்கும் இடத்தை நனைத்துக்கொள். நுனி வளையத்தைக் குளூ கன் குச்சியை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். மறுபடி ஒடிந்தால் சூடுகாட்டிக் கழற்றிவிடலாம். அரால்டைட் போட்டால் கழற்றுவது பெரும்பாடு.

அடுத்து, மற்ற வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பார். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அந்த வளையத்தில் விரிசல் இருக்கிறது. அது நரம்பை அறுத்துவிடும். அந்தக் கைடைப் பிரித்து உன் கையாலேயே புதிதாகக் கட்டு. நூல் சுற்றும் பழக்கம் வர இந்த ஒரு கைடு போதும். முதல் சுற்று சரியாக வராவிட்டால் பிரித்து மறுபடி சுற்று, பூச்சு போடும்வரை நூல் உன் சொல்படி கேட்கும்.

கட்டி முடித்ததும் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போ. மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் கேட்டுவிட்டுத் தூண்டிலைப் போடு.