தேசப்பற்று என்றால் உங்களைப் பொறுத்தவரை என்ன? அதற்கு அடிப்படையான குணங்கள் எவை?

நான் பள்ளி ஆசிரியர். ஆகஸ்ட் 15 காலையில் கொடி ஏறி, மடிப்பிலிருந்து பூக்கள் உதிரும்போது இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தேசப்பற்று என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடிக்கம்பம் இல்லை, ஒரு ஓட்டுச்சாவடி.

2019 மக்களவைத் தேர்தல், ஏப்ரல் 18. புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். முந்தின நாளே இயந்திரம், படிவக் கட்டு, மை, அரக்கு எல்லாவற்றோடும் போய் இறங்கிவிட்டோம். இரவு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். கொசுக்கடியில் தூக்கம் எங்கே வரும்!

ஓட்டுப்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு முன் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். கட்சி ஏஜெண்டுகளின் கண் முன்னால் குறைந்தது 50 ஓட்டுகளைப் போட்டு, எண்ணி, போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்து, அப்புறம் எல்லாவற்றையும் அழித்துப் பூஜ்யம் காட்டி சீல் வைக்க வேண்டும். முதல் நாள் வரை தெருவில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்கள் ஒரே சீலில் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். எதிராளியை நம்பு என்று அங்கே யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நம்பாதவனும் ஒத்துக்கொள்கிற மாதிரி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அது.

பதினொரு மணிவாக்கில் ஒரு இளைஞர் ஒரு பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "அப்பத்தாவுக்குக் கண்ணு தெரியாது சார், நான் போட்டு விடுறேன்." பார்வையில்லாதவர், மிகவும் தளர்ந்தவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அன்றைய நாளில் ஒருவர் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை வரலாம். இவர் காலையிலேயே ஒரு பெரியவரோடு வந்து போனவர், படிவத்தில் பெயர் இருந்தது. முடியாது என்றேன். குரலை உயர்த்தினார். வரிசையில் நின்றவர்களே, "விடுங்க சார், ஒரு ஓட்டுதானே" என்றார்கள்.

உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் யாரையும் தெரியாது, இருட்டிய பிறகுதான் கிளம்ப முடியும். இருந்தாலும் பாட்டியிடமே திரும்பிக் கேட்டேன். "கண்ணு தெரியுதா பாட்டி?"

"மங்கலாத் தெரியுதுப்பா. கிட்டப் போய்ப் பார்த்தா சின்னம் தெரியும்."

முதல் அலுவலர் அவர் பெயரை உரக்கப் படித்தார். விரலில் மை வைத்தார்கள், ரேகை வைத்தார். தட்டுத் தடுமாறித் தனியாக அட்டை மறைப்புக்குள் போனார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு நீளமாக பீப் ஒலித்தது. வெளியே வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்து, மெதுவாக, "தம்பி, நான் யாருக்குப் போட்டேன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது பாட்டி. யாருக்குமே தெரியாது."

"அவனுக்கும்?"

"அவருக்கும்."

அந்த முகம் மாறியதை நான் பார்த்தேன். தேசம் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் கையில் தட்டுப்பட்டது.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சுமார் 17 கோடிப் பேர் வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் ஓட்டு என்று துணிந்தோம், சின்னங்கள் வந்தன. அப்போது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதச் சொன்னதால், சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. இந்தப் பாட்டியின் பெயர் ஒரு அறை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படிக்கப்பட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 28 லட்சம் நினைவுக்கு வரும்.

நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் குடிமக்களின் கடமைகள் இருக்கின்றன. 1976இல் பத்து, 2002இல் ஒன்று சேர்ந்து பதினொன்று. கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது அதில் உண்டு. பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கங்களை விடுவதும், பொதுச் சொத்தைக் காப்பதும் அதே பட்டியலில்தான் உண்டு. முதலாவதை மட்டும் தேசப்பற்று என்று சொல்லிக்கொண்டு, பேருந்துக் கண்ணாடியில் கல்லெறிகிறவரை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் ஓட்டும் என் ஓட்டும் ஒரே எடை என்று மனசார ஏற்பது, எனக்குப் பாதகமாக வந்தாலும் கணக்கை மாற்றாதிருப்பது, "ஒண்ணுதானே" என்று கூட்டம் சொல்லும்போது அந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதது: நீங்கள் கேட்ட குணங்கள் எனக்கு இவைதான்.

அன்று மாலை இயந்திரத்தில் மொத்தம் 687 காட்டியது. பதிவேட்டிலும் 687. பதிவான ஓட்டுகளின் கணக்கைக் காட்டும் படிவம் 17சி-யின் நகலை ஒவ்வொரு ஏஜெண்டிடமும் கொடுத்தேன். அதில் ஒருவர் எண்ணின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை பார்த்தார். "சரியா இருக்கு சார்" என்று சொல்லி, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.