பெயரைப் பார்த்து ஆள் எடுக்கலாமா?

கேள்வி: கோல்ஃபில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பை மாதிரி அணிப் போட்டிக்குப் பேரும் அனுபவமும் உள்ள நட்சத்திரங்களை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்? நாலு வாரம் நன்றாக ஆடிய ஒருவரை நம்பி அவ்வளவு பெரிய போட்டியில் எப்படி இறக்குவது? 2023இல் ஜஸ்டின் தாமஸை எடுத்ததில் என்ன தப்பு?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தப்புதான். அந்த வருஷம் தாமஸ், மேஜர் என்னும் நான்கு பெரிய போட்டிகளில் மூன்றில் கட்கூட, அதாவது பாதியில் ஆட்களைக் கழித்துவிடும் கோட்டைக்கூட, தாண்டவில்லை. சீசன் முடிவில் நடக்கும் ஃபெடெக்ஸ் கோப்பை பிளேஆஃப் போட்டிகளில் 70 பேருக்கு இடம், அவர் 71ஆவதாக வந்து வெளியே நின்றார். அதே ஆகஸ்டில் லூகாஸ் குளோவர் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு பட்டம் ஜெயிக்கிறார். அமெரிக்க கேப்டன் ஸாக் ஜான்சன் தன் விருப்பப்படி நிரப்ப ஆறு இடம் இருந்தும் அதில் ஒன்றுகூட குளோவருக்குக் கிடைக்கவில்லை. ரோமில் அமெரிக்கா 16½–11½ என்று தோற்றது. தாமஸ் ஒருத்தரால்தான் தோற்றார்கள் என்றால் அது அநியாயம், கடைசி நாள் ஒற்றையர் ஆட்டத்தை அவர் ஜெயித்துக் கொடுத்தார். என் கோபம் அவர்மேல் இல்லை, அவரை எடுத்த முறைமேல்தான்.

2016இல் அமெரிக்காவின் ஹேசல்டைனில் நடந்த ரைடர் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய கேப்டன் டேரன் கிளார்க் கையில் மூன்று இடம். ஒன்றை லீ வெஸ்ட்வுட்டுக்குக் கொடுத்தார்: நெடுநாள் நண்பர், பத்தாவது ரைடர் கோப்பை, பெரிய பெயர். இன்னொன்று, அப்போதுதான் டென்மார்க்கில் ஜெயித்துவிட்டு வந்த தாமஸ் பீட்டர்ஸ் என்ற 24 வயதுப் புதுமுகத்துக்கு. பீட்டர்ஸ் ஐந்து ஆட்டத்தில் நான்கை ஜெயித்தார், வெஸ்ட்வுட் ஆடிய மூன்றிலும் தோற்றார். அந்தப் பக்கம் அமெரிக்கா தன் கடைசி இடத்தைப் போட்டிக்கு ஐந்து நாள் முன்புவரை காலியாகவே வைத்திருந்து, சீசனின் கடைசிப் போட்டியான டூர் சாம்பியன்ஷிப்பில் மக்கில்ராயோடு, சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் வரை போராடித் தோற்ற ரயன் மூருக்குக் கொடுத்தது. கடைசி நாள் மூரும் வெஸ்ட்வுட்டும் நேருக்கு நேர். ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக ஜெயிக்கும் ஆட்டம் இது. மூன்று குழி பாக்கி, மூர் இரண்டு குழி பின்தங்கியிருக்கிறார். 16இல் ஈகிள் (குழிக்கு வைத்த கணக்கைவிட இரண்டு அடி குறைவு), 17இல் பர்டி (ஒன்று குறைவு), 18இல் பார் (சரியாக அந்தக் கணக்கு), மூன்றையும் ஜெயித்து ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். கோப்பையை உறுதிசெய்த புள்ளி அதுதான்.

அப்புறம் ஃபோர்சம்ஸ். இரண்டு பேர் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்கும் அந்த ஆட்டத்தில்தான் பெயர் மோகம் நன்றாக அடிவாங்கும். மற்றப் போட்டியில் மோசமாக அடித்தால் அடித்தவருக்குத்தான் நஷ்டம், இங்கே நீங்கள் புல்லுக்குள் தள்ளிய பந்தை உங்கள் ஜோடிதான் போய் வெளியே எடுக்கவேண்டும். 2018இல் போட்டி நடந்த, பாரிஸ் பக்கத்து லெ கோல்ஃப் நேஷனலில் குறுகலான ஃபேர்வே (குட்டைப் புல் வெட்டிய பாதை), இரண்டு பக்கமும் அடர்ந்த புல். அந்த சீசனில் டீயிலிருந்து, அதாவது குழியின் முதல் அடியை, நேராக அடிக்கவே திணறிய ஃபில் மிக்கல்சனை அமெரிக்க கேப்டன் ஜிம் ஃப்யூரிக் அங்கே கூட்டிப்போனார்! ஃபோர்சம்ஸில் நான்கு குழி மீதமிருக்கும்போதே அவருடைய ஜோடி தோற்றுவிட்டது. கடைசி நாள் 16ஆவது குழியில் பந்து தண்ணீருக்குள் போக, அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஐரோப்பாவின் மொலினாரியிடம் கைகுலுக்கினார், கோப்பையும் போனது. டைகர் வுட்ஸை எடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன், முந்தின ஞாயிறுதான் டூர் சாம்பியன்ஷிப் ஜெயித்திருந்தார். நாலு ஆட்டமும் தோற்றார், சரி, விளையாட்டில் அதுவும் நடக்கும்.

கேப்டன்கள் ஏன் திரும்பத் திரும்ப இதைச் செய்கிறார்கள் என்றால், என் கணிப்பில், பயம். நட்சத்திரம் தோற்றால் 'அவராலேயே முடியவில்லை' என்று விட்டுவிடுவார்கள், புதியவர் தோற்றால் கேப்டன் சட்டையைப் பிடிப்பார்கள். அனுபவம் வேண்டாம் என்று யார் சொன்னது? அது, போட்டிகளில் சேர்த்த புள்ளிகளை வைத்துத் தானாக இடம் தரும் பட்டியல் வழியாகவே அணிக்குள் வந்துவிடுகிறது. பட்டியலுக்குத் தப்பிய இன்றைய ஃபார்மைப் பிடிக்கத்தான் கேப்டனுக்குத் தனி இடமே கொடுக்கிறார்கள். 2021இல் அமெரிக்க கேப்டன் ஸ்டீவ் ஸ்டிரிக்கர், பெரிய பெயரான பேட்ரிக் ரீடை விட்டுவிட்டு, அதுவரை அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஒரு பட்டம்கூட ஜெயிக்காத, ஆனால் அந்த வருஷம் மூன்று மேஜர்களில் முதல் பத்துக்குள் வந்த ஸ்காட்டி ஷெஃப்லரை எடுத்தார். ஷெஃப்லர் உலக நம்பர் ஒன் ஜான் ராமை வீழ்த்தினார், அமெரிக்கா 19–9.

ஐரோப்பிய கேப்டன் தன் விருப்பத்தில் எடுத்த செர்ஜியோ கார்சியாவைச் சொல்லி மடக்குவீர்கள், தெரியும். 2018இல் நாலு மேஜரிலும் கட் தவறியவர், பாரிஸில் மூன்று ஆட்டம் ஜெயித்து அந்தக் கோப்பையின் எல்லாக் காலத்துக்குமான புள்ளிச் சாதனையையும் தன்பேருக்கு மாற்றிக்கொண்டார். மறுக்கவில்லை. ஆனால் அதே வருஷம் ஐரோப்பிய அணியில் இடம் எதிர்பார்த்த மாட் வாலஸ் மூன்று பட்டம் ஜெயித்தார், அதில் ஒன்று நம் இந்தியன் ஓபன். அணி அறிவிக்கும் முன் நடந்த கடைசிப் போட்டியில் கடைசி ஆறு குழியில் ஐந்து பர்டி அடித்து, பிளேஆஃபிலும் ஜெயித்துக் காட்டினார். அவருக்கு இடம் தரவில்லை. இன்றுவரை ஒரு ரைடர் கோப்பைகூட ஆடவில்லை அந்த மனிதர்.