அமெரிக்காவில் பள்ளி உளவியலாளராக முனைவர் பட்டம் கட்டாயமா?

உளவியலில் இளங்கலை முடித்தவர் அமெரிக்கப் பள்ளிகளில் உளவியலாளராவதற்கு முனைவர் பட்டம் பெற்றே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது தேவையில்லை. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடைப்பட்ட ‘ஸ்பெஷலிஸ்ட்’ நிலைப் படிப்பே இத்துறையின் வழக்கமான நுழைவுத் தகுதியாகும். குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட இப்படிப்பு, முழுநேரமாகப் படித்தால் பொதுவாக 3 ஆண்டுகளில் முடியும்.

இதில் மிக முக்கியமானது 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப். அதில் 600 மணி நேரமாவது பள்ளியில் கழிய வேண்டும். கற்றலில் பின்தங்கும் குழந்தைக்குச் சோதனைகள் நடத்தி, சிறப்புக் கல்விக்கு அக்குழந்தை தகுதியுடையதா என்று பெற்றோர், ஆசிரியர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதையும், தற்கொலை எண்ணத்தோடு வரும் மாணவரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில்தான் கற்க முடியும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, அங்கு கிடைக்கும் மேற்பார்வையின் தரத்தை முதலில் விசாரியுங்கள் என்றே வலியுறுத்துவேன்.

அரசுப் பள்ளியில் பணியாற்ற அந்தந்த மாநிலத்தின் உரிமமோ சான்றிதழோ அவசியம். தேசியப் பள்ளி உளவியலாளர்கள் சங்கம் வழங்கும் என்.சி.எஸ்.பி. என்ற தேசிய அளவிலான சான்றிதழ் கட்டாயமல்ல, விரும்பினால் பெறலாம்; அதற்குப் பிராக்சிஸ் எனப்படும் தேர்வுத் தொடரின் பள்ளி உளவியல் தேர்வில் தேற வேண்டும், 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பல மாநிலங்கள் அதை ஏற்பதால், இடம்பெயரும் எண்ணம் உள்ளவர்கள் பெற்றுக்கொள்வது நல்லது. பள்ளிக்கு வெளியே தனியாகத் தொழில் நடத்த விரும்பினால் மட்டும், பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டம் தேவைப்படும்.