லைன் செத்தது, ரவுட்டருக்கு மட்டும் தெரியவில்லை

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறோம். 45 கணினிகள், இரண்டு மைக்ரோடிக் ரவுட்டர்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறுவனத்தின் ஃபைபர் லைன். விஆர்ஆர்பி (ஒரு ரவுட்டர் செத்தால் மற்றது அதன் இடத்தை எடுக்கும் ஏற்பாடு) போட்டிருக்கிறோம். முதல் ரவுட்டரின் பவரைப் பிடுங்கினால் நாலு நொடிக்குள் இரண்டாவதுக்கு மாறிவிடுகிறது. ஆனால் போன மாதம் முதல் லைன் போனபோது முக்கால் மணி நேரம் ஆகியும் மாறவே இல்லை. கடைசியில் நாங்களே அந்த ரவுட்டரை அணைத்தோம். லைன் வந்துவிட்டது என்றதும் மறுபடி போட்டால், சரக்கு வாங்கும் பையருடன் நடந்துகொண்டிருந்த வீடியோ மீட்டிங் அறுந்து, இரண்டு நிமிடம் யாருக்கும் நெட் இல்லை. எங்கே கோளாறு? ஒரு ரவுட்டருக்குப் பதில் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் வைத்தால் சரியாகுமா?

பதில்: ரவுட்டர்கள் இரண்டும் சொன்ன வேலையைத்தான் செய்திருக்கின்றன. பெட்டி செத்தால் மாறு என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். லைன் செத்தால் மாறு என்று யாரும் சொல்லவில்லை.

விஆர்ஆர்பியில் கணினிகளுக்குக் கொடுத்திருக்கும் கேட்வே ஐபி (வெளியே போகும் வாசலின் முகவரி) இரண்டு ரவுட்டருக்கும் பொதுவானது. அந்த நேரத்தில் யார் மாஸ்டரோ, அந்த ரவுட்டர் அதை எடுத்துக்கொள்ளும். மாஸ்டர் நொடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு 'நான் இருக்கிறேன்' என்று ஒரு பாக்கெட் அனுப்பும். பேக்கப் ரவுட்டர் அப்படி மூன்று பாக்கெட் வருகிற நேரம் வரை காத்திருக்கும். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் நேரம் உண்டு. 256-இலிருந்து தன் பிரயாரிட்டியை (யார் மாஸ்டர் என்று தீர்மானிக்கும் எண், பெரியதே ஜெயிக்கும்) கழித்து 256-ஆல் வகுத்தால் வருவது அது. பிரயாரிட்டி வழக்கமான 100 என்றால் 0.61 நொடி. ஆக மொத்தம் 3.61. நீங்கள் பார்த்த நாலு நொடி இதுதான். கேட்வேயின் மேக் முகவரியும் (ஸ்விட்ச் பார்க்கும் அடையாள எண்) கூடவே இடம் மாறுவதால் கணினிகளில் ஏஆர்பி (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற குறிப்பு) எதுவும் மாற வேண்டியதில்லை, ஸ்விட்ச் மட்டும் போர்ட்டை மாற்றிக்கொண்டால் போதும்.

இந்தப் பேச்சு முழுக்க உங்கள் அலுவலக ஸ்விட்சுக்குள்ளேயே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெளியே ஃபைபர் அறுந்து தொங்கினாலும் மாஸ்டர் உள்ளே 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பேக்கப்புக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

சரி, லைன் வரும் போர்ட் டவுன் ஆனால் பிரயாரிட்டியைக் குறைக்கலாமே என்று பலர் செய்கிறார்கள். ஃபைபரில் அது உதவாது. ரவுட்டருக்கும் ஓஎன்டி பெட்டிக்கும் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) நடுவில் இருக்கும் ஒரு மீட்டர் ஈத்தர்நெட் கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது! ஓஎன்டியில் எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரியும், ரவுட்டரின் போர்ட் விளக்கு பச்சையாகவே இருக்கும். கோளாறு நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சைத் தாண்டி இருந்தால் அந்தச் சிவப்பு விளக்குகூட எரியாது. பிபிபிஓஇ லைன் (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைவது) என்றால் பல சமயம் இணைப்பே அறுந்து காட்டிக்கொடுக்கும், டிஹெச்சிபி லைன் (ஐபி தானாகக் கிடைப்பது) என்றால் அதுவும் இல்லை.

ஆகவே பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் பாக்கெட்) போட்டுத்தான் பார்க்க வேண்டும். மைக்ரோடிக்கில் அதற்கு நெட்வாட்ச் என்ற வசதி இருக்கிறது. எந்த முகவரிக்குப் பிங் என்பதுதான் முக்கியம். நிறுவனத்தின் கேட்வேக்குப் போட்டால் அது பதில் சொல்லும், அதற்கு அப்பால் செத்திருக்கும். வெளி முகவரி இரண்டை எடுங்கள், இரண்டும் பதில் சொல்லாவிட்டால்தான் லைன் போனதாகக் கணக்கு. இந்தப் பிங் அந்தந்த லைன் வழியாக மட்டுமே போக வேண்டும் என்று தனி ரூட் போட்டுவிடுங்கள். அப்படிப் பூட்டிய முகவரியை அலுவலகத்தில் யாரும் டிஎன்எஸ்ஸாக (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) வைத்திருக்கக் கூடாது. 8.8.8.8-ஐ முதல் லைனோடு பூட்டிவிட்டு, கணினிகளிலும் அதையே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ரவுட்டரில் முதல் லைன் போனதும் மற்றதெல்லாம் இரண்டாவது வழியில் போகும், டிஎன்எஸ் மட்டும் செத்த லைனில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். கணினிகளுக்குக் கொடுத்தது லைன் நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் என்றாலும் வம்புதான், அடுத்த நிறுவனத்தின் நெட்டிலிருந்து கேட்டால் பல சமயம் பதில் வராது.

ஐந்து நொடிக்கு ஒரு பிங், தொடர்ந்து மூன்று தவறினால் லைன் போனது என்று வையுங்கள். இதைவிட அவசரப்பட்டால் சாதாரண நெரிசலுக்கெல்லாம் லைன் மாறி மாறி ஆடும்.

இனி பிரயாரிட்டி எண்கள். முதல் ரவுட்டர் 150, இரண்டாவது 100. முதல் லைன் போனால் ஸ்கிரிப்ட் முதல் ரவுட்டரை 90 ஆக்கட்டும், இரண்டாவது லைன் போனால் இரண்டாவதை 80 ஆக்கட்டும். லைன் ஆடாமல் இருக்க ப்ரீஎம்ப்ட்டை (பெரிய எண் உள்ள ரவுட்டர் மாஸ்டர் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும் வசதி) அணைத்துவிடுங்கள் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே அதைச் செய்யாதீர்கள். ப்ரீஎம்ப்ட் இல்லாத பேக்கப், மாஸ்டரின் எண் எவ்வளவு இறங்கினாலும் அது பேசிக்கொண்டிருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும், எண் 90 ஆகும், ஒன்றும் நடக்காது.

திரும்பும்போது வந்த கோளாறுக்கு இதே ப்ரீஎம்ப்ட்தான் காரணம். முதல் ரவுட்டர் எழுந்ததும் 150 என்ற பெரிய எண்ணைக் காட்டி கேட்வேயைப் பிடுங்கிக்கொண்டது. அப்போது அதன் லைன் இன்னும் இணைந்திருக்காது. இரண்டு நிமிடம் 45 கணினிகளும் வெளியே வழியில்லாத ரவுட்டருக்குப் பாக்கெட் அனுப்பிக்கொண்டிருந்தன. அதனால் ஷெட்யூலரில் ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்ட் ஒன்று போட்டு, ரவுட்டர் எழும்போதே 90 ஆகிவிடும்படி செய்யுங்கள். லைன் வந்தவுடன் தானாக 150-க்கு ஏற்றவும் வேண்டாம். உங்களைப் போன்ற அலுவலகத்துக்கு என் யோசனை, இரவு 9 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் முதல் லைன் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றட்டும். பகல் முழுக்க இரண்டாவது லைனில் ஓடினால் என்ன குறைந்துவிடும்? நடுவில் அதுவும் போனால் 80-க்கு இறங்கும், 90-இல் காத்திருக்கும் முதல் ரவுட்டர் தானாக எடுத்துக்கொள்ளும்.

மீட்டிங் அறுவதை மட்டும் தடுக்க முடியாது. நிறுவனம் மாறினால் உங்கள் பொது ஐபி மாறும். எதிர்முனைக்கு நீங்கள் வேறு ஆள். நடப்பில் இருக்கும் இணைப்புகளை அடுத்த பெட்டிக்குப் பகிரும் வசதி பிஎஃப்சென்ஸில் உண்டு, மைக்ரோடிக் ஏழாம் பதிப்பிலும் உண்டு. ஆனால் இரண்டு பெட்டிகளும் ஒரே பொது ஐபியில் இருந்தால்தான் அது பயன்படும். 'ஒரு வீடியோ கால்கூட அறாது' என்று சொல்லி ஜோடி ஃபயர்வால் விற்க வருபவரிடம், இரண்டு நிறுவன லைனில் எப்படி என்று கேளுங்கள். சொந்த ஐபி தொகுதி வாங்கி பிஜிபி (அந்த ஐபிக்கு எந்த வழி என்று நிறுவனங்களுக்கு அறிவிக்கும் நெறிமுறை) ஓட்டினால் முடியும், 45 கணினிக்கு அந்தச் செலவு வேண்டாம். விபிஎன் இருந்தால் இரண்டு லைனுக்கும் தனித்தனி டனல் போடுங்கள். ஐபியைப் பார்த்து உள்ளே விடும் பையர் சர்வர் ஏதாவது இருந்தால் இரண்டாவது லைனின் ஐபியையும் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

பிஎஃப்சென்ஸ் கலக்க வேண்டாம். அது வழக்கமாகப் பேசுவது கார்ப், விஆர்ஆர்பி செய்யும் வேலையையே செய்யும் வேறொரு நெறிமுறை. சிஸ்கோ தன் காப்புரிமை விஆர்ஆர்பியைத் தொடுகிறது என்று சொன்னதால், ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஆட்கள் தனியாக எழுதி 2004-இல் 3.5 பதிப்பில் வெளியிட்டது. தனி நெறிமுறை எண் கிடைக்காததால் விஆர்ஆர்பியின் 112-ஐயே அவர்களும் எடுத்துக்கொண்டார்கள், மேக் முகவரி வரிசையும் அதேதான். ஒரே ஸ்விட்சில் ஒரே குழு எண்ணோடு இரண்டும் இருந்தால் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது, ஒரே மேக்குக்கு அடித்துக்கொள்ளும். அந்த 112 உங்கள் ஃபயர்வாலின் இன்புட் விதிகளில் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடைபட்டால் இரண்டு ரவுட்டரும் தான்தான் மாஸ்டர் என்று உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்று வெளியே போய்ப் பாருங்கள். அப்படியென்றால் ஒரு ஜேசிபி போதும். ஒன்றையாவது ரேடியோ லைனாகவோ 5ஜியாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். ஓஎன்டிகளுக்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் இருக்கட்டும்.

சோதிக்கும்போது பவரைப் பிடுங்காதீர்கள், அது ஏற்கெனவே வேலை செய்கிறது. சனிக்கிழமை மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு முதல் லைன் ஓஎன்டியின் பின்னால் இருக்கும் பச்சை முனை ஃபைபரைக் கழற்றுங்கள். முனையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். 20 நொடியில் மாற வேண்டும். அடுத்து ஃபைபரை மாட்டிவிட்டு, ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் இடையில் ஒரு சின்ன ஸ்விட்சை வைத்து, லைன் வந்ததும் முதல் ரவுட்டரைக் கையால் 150-க்கு ஏற்றிவிட்டு, ஓஎன்டி பக்கத்துக் கேபிளை உருவுங்கள். ரவுட்டர் போர்ட் பச்சையாகவே இருக்க, லைன் மட்டும் போயிருக்கும். அப்போதும் மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது லைன் போனாலும் உங்கள் கைப்பேசிக்குத் தகவல் வரும்படி நெட்வாட்சில் போட்டு வையுங்கள். யாரும் பயன்படுத்தாத லைனுக்கு பில் கட்ட மறந்து, அது துண்டிக்கப்பட்டது தெரியாமலே மாதக்கணக்கில் இருப்பது சகஜம்.