கிழக்கத்திய, மேற்கத்திய மக்கள் உண்மையிலேயே வேறு மாதிரி சிந்திக்கிறார்களா?

சராசரியாகப் பார்த்தால் வேறுபாடு உண்டு. தனி ஆளை எடைபோட அது உதவாது. 2001-இல் உளவியலாளர்கள் மசுதாவும் நிஸ்பெட்டும் ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்கு மீன்கள் நீந்தும் காட்சியைக் காட்டினார்கள். முக்கிய மீனைப் பற்றி இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகப் பேசின. மீனைச் சுற்றியிருந்த பின்னணியை ஜப்பானியர்கள் கூடுதலாகச் சொன்னார்கள்.

சரி, இது கிழக்கு-மேற்கு விவகாரம்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2014-இல் உளவியலாளர் தால்ஹெல்மின் குழு சீனாவுக்குள்ளேயே சோதித்தது. ரயில், பேருந்து, தண்டவாளம்: எந்த இரண்டு சேரும்? நெல் விளையும் தெற்கத்தி மாணவர்கள், ஒன்றோடொன்று உள்ள தொடர்பைப் பார்த்து, ரயிலோடு தண்டவாளத்தைச் சேர்ப்பது அதிகம். கோதுமை விளையும் வடக்கில் ரயிலையும் பேருந்தையும் ஒரே வகையாகப் பார்ப்பது கூடுதல். நெல்லுக்குத் தண்ணீர் பங்கிட ஊரே கூடி உழைக்க வேண்டியிருந்ததுதான் காரணம் என்பது அவர்கள் வாதம். அதை மறுப்பவர்களும் உண்டு.