பழைய ஸ்டான்லி இழைப்புளியின் வயதை எப்படிக் கண்டறிவது?

ஸ்டான்லி நிறுவனத்தின் பழைய நம்பர் 4 இழைப்புளி (மரத்தை இழைத்துச் சமமாக்கும் கருவி) விலைக்கு வந்திருக்கிறது, அதன் வயதை எப்படி அறிவது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலகில், அதாவது மரத்தைச் சீவும் இரும்புத் தகட்டில், இருக்கும் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அலகு தேயும், மாற்றுவார்கள். நூறு வயது உடலில் பேரன் வயது அலகு இருப்பது சகஜம். கைப்பிடிக்கு முன்னால், அலகைத் தாங்கும் துண்டுக்குப் பின்னால், அடித்தட்டைத் துடைத்துப் பாருங்கள். அங்கே மூன்று காப்புரிமைத் தேதிகள் (1902இல் இரண்டு, 1910இல் ஒன்று) பொறித்திருந்தால் அது ஏறத்தாழ 1910-1918 காலத்தது. 1902இன் இரண்டு மட்டும் என்றால் அதற்கும் முந்தையது. அலகை அழுத்தும் மூடியின் துளை சிறுநீரக வடிவில் இருந்தால், மூடி 1933க்குப் பிந்தையது. ஆனால் மூடியையும் மாற்றியிருக்கலாம்.

வயதைவிட எனக்கு முக்கியம் விரிசல். வார்ப்பிரும்பு உடல் கீழே விழுந்தால் வாயின் (அலகு வெளியே நீட்டும் அடித்தட்டுப் பிளவின்) மூலையிலிருந்து மயிரிழையாகப் பிளக்கும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கருங்கோடாகத் தெரியும். புதுச் சாயம் பூசிய ஒன்றை வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். மேல் துரு பரவாயில்லை, உடைந்த கைப்பிடியும் பரவாயில்லை, மரத்தில் செய்துகொள்ளலாம். வாயில் விரிசல் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.