வந்த டாலர் எப்போது கிளம்பும்? வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் வட்டி ஏறினால் இங்கே ரூபாய் ஏன் சரிகிறது?

பதில்: நம் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் பணம் போட்ட வெளிநாட்டு நிறுவனங்கள், ஊரிலேயே நல்ல வட்டி கிடைத்தால் இங்கே விற்றுவிட்டு டாலராக மாற்றிக்கொண்டு கிளம்பிவிடும். வட்டி ஏறக்கூட வேண்டாம், பேச்சே போதும். 2013 மே மாதம், கடன்பத்திரம் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர் பெர்னான்கி சொன்னார். குறைத்தால் அங்கே வட்டி ஏறும். 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68ஐத் தாண்டியது. தொழிற்சாலை கட்டியவரால் அப்படி ஒரே நாளில் கிளம்ப முடியாது. எவ்வளவு வந்தது என்று கேட்கும் முன், எவ்வளவு சீக்கிரம் போக முடியும் என்று பாருங்கள்.

கேள்வி: இலங்கை திவாலானது சீனக் கடனால்தானே?

பதில்: அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அரசின் வெளிநாட்டுக் கடனில் பெரிய பகுதி, சந்தையில் விற்ற டாலர் பிணைமுறிகள், அதாவது டாலரில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்பத்திரங்கள். 2007இல் 50 கோடி டாலரில் தொடங்கி, 2022இல் சுமார் 1,250 கோடியில் வந்து நின்றது. உலக வங்கிக் கடன் என்றால் வட்டி குறைவு, பல ஆண்டுத் தவணை. பிணைமுறிக்கு வட்டியும் அதிகம், முதிர்வு நாளில் முதல் முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். பழையதை அடைக்கப் புதியதை விற்றே காலம் ஓடியது. 2019 வரிக்குறைப்பால் அரசின் வருமானம் சரிந்தது, அப்புறம் கொரோனாவில் சுற்றுலா முடங்கியது. புதிய பிணைமுறியை வாங்க யாரும் வரவில்லை.

என்னால் இன்றும் ஏற்க முடியாதது ஒன்று. டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோது, கடனை மறுசீரமைக்கப் பேசுங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் சொல்லியும், 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் பிணைமுறி முழுதாக அடைக்கப்பட்டது. ஏப்ரல் 12இல் கடன் கட்டுவதையே நிறுத்தினார்கள். அந்தப் பணம் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் போயிருக்க வேண்டும்.

கேள்வி: வளைகுடாவில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் இதில் சேருமா?

பதில்: அது யாருக்கும் திருப்பிக் கட்ட வேண்டாத டாலர், அதனால் மிக நல்ல வரவு. ஆனால் மாற்று விகிதம் நியாயமாக இருக்க வேண்டும். இலங்கையில் டாலரின் வங்கி விலை 200 ரூபாயில் பிடித்துவைக்கப்பட்டபோது, வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றித் தரும் உண்டியல்காரர்கள் அதிகம் கொடுத்தார்கள். 2020இல் சுமார் 710 கோடி டாலராக இருந்த வரவு, அடுத்த ஆண்டு 550 கோடியாக இறங்கியது.

கேள்வி: ஓடிப்போகும் பணத்தைத் தடுக்க வழியே இல்லையா?

பதில்: சிலி 1991இல் ஒரு வழி செய்தது. வெளியிலிருந்து வரும் கடனில் 20 சதவீதத்தை, பின்னர் 30 சதவீதத்தை, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வட்டியில்லாமல் மத்திய வங்கியில் போட்டுவைக்க வேண்டும். சில மாதங்களுக்கு மட்டும் வந்து போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது, நெடுநாள் தங்குபவருக்குப் பெரிய சுமையில்லை. மொத்த வரத்து பெரிதாகக் குறையவில்லை, குறுகிய காலக் கடனின் பங்குதான் குறைந்தது. பணம் தாராளமாக வரும் காலத்தில்தான் இது பலிக்கும். 1998இல் வரத்து வற்றியபோது சிலியே அதைப் பூஜ்யமாக்கிவிட்டது.